பாவையும் புத்லியும்: பொம்மையின் முகம் யாருடையது?

தமிழில் ‘பாவை’ என்னும் சொல் பொம்மையையும் குறிக்கும், கண்ணின் மணியையும் குறிக்கும். தன் காதலியின் உருவத்துக்கு இடம்விட்டு நீங்குமாறு தலைவன் தன் கண்ணிலுள்ள பாவையிடம் கூறுவதாகத் திருக்குறளின் காமத்துப்பாலில் ஒரு குறள் உண்டு. இந்தியில் ‘புத்லி’ என்னும் சொல்லும் இதே இரு பொருளைச் சுமக்கிறது. கயிறு கட்டி ஆட்டும் பொம்மையும் புத்லி; கண்மணியும் புத்லி. லத்தீனில் சிறுமியையும் பொம்மையையும் குறித்த ‘பூபில்லா’ கண்மணிக்கும் பெயராயிற்று. கிரேக்கத்தில் இளம்பெண்ணைக் குறிக்கும் ‘கோரே’ என்னும் சொல்லும் அவ்வாறே. ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிக்குடும்பங்களிலும் இப்பொருள் விரிவு காணப்படுவதற்குக் காரணம் எளியது. மற்றொருவரின் கண்ணை மிக அருகிலிருந்து நோக்குபவர் அதன் கருமணிக்குள் ஒரு சிறிய மனித உருவத்தைக் காண்கிறார். அவ்வுருவம் நோக்குபவருடையதே. பிளேட்டோவின் பெயரில் வழங்கும் ‘அல்கிபியாடீஸ்’ என்னும் உரையாடலும் இதை எடுத்துக்கூறுகிறது.

பொம்மையில் தன்னைக் காண்பது என்னும் இக்கருத்து, சேகரிப்புப் பொம்மைகளின் அண்மைக்கால வரலாற்றைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும். கடந்த எழுபது ஆண்டுகளில் பொம்மையின் முகத்தைத் தீர்மானிக்கும் உரிமை தயாரிப்பாளரிடமிருந்து படிப்படியாக உரிமையாளரின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆயினும், அவ்வாறு கைக்கு வந்த முகம் உரிமையாளரின் சொந்த அழகுணர்வை எந்த அளவுக்குக் காட்டுகிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது முழுவதும் பிறரால் தீர்மானிக்கப்பட்ட ஒரு முகம். 1952இல் மேற்கு ஜெர்மனியின் ‘பில்ட்’ நாளிதழில் ரைன்ஹார்ட் பொய்ட்டியன் வரைந்த கேலிச்சித்திரப் பாத்திரம் லில்லி. 1955இல் அது பொம்மையாக விற்பனைக்கு வந்தது. முதலில் அதனை வாங்கியோர் பெரும்பாலும் வயதுவந்த ஆண்கள். சுவிட்சர்லாந்துப் பயணத்தின்போது லில்லியைக் கண்ட அமெரிக்கரான ரூத் ஹேண்ட்லர் அதனை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கியதே பார்பி. 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானபோது அதன் விழிகள் பக்கவாட்டில் சாய்ந்து நோக்கின. அது லில்லியிடமிருந்து பெற்ற பார்வை. 1971இல் வெளியான மாலிபு பார்பியில்தான் விழிகள் நேராக முன்னோக்கத் தொடங்கின. ஒரு பெண்ணுருவம் எத்திசையில் பார்க்கவேண்டும் என்பதுகூடத் தயாரிப்புக்கூடத்தின் முடிவாக இருந்தது. பார்பி சேகரிப்பாளர்களிடையே பெட்டி திறக்கப்படாத பொம்மைக்கே உயர்ந்த மதிப்பு நிலவியதையும் இதனோடு சேர்த்துக் காணவேண்டும். தொடப்படாமை அங்கு மதிப்பின் அளவுகோலாயிற்று. உரிமையாளரின் அழகுணர்வு தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிட்டது.

இதே முகம் இந்தியாவுக்கும் வந்தது. மேட்டல் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் தன் ‘உலகப் பொம்மைகள்’ வரிசையில் இந்தியப் பார்பியை வெளியிட்டது. பின்னர் இந்தியச் சந்தையிலும் சேலையுடுத்த பார்பி விற்கப்பட்டது. சேலையும் பொட்டும் அணிகலன்களும் மாறினவேயன்றி, உடலமைப்பும் முகத்தின் அடிப்படை வார்ப்பும் பழையனவாகவே தொடர்ந்தன. இந்தர்பால் கிரேவால் 2005இல் வெளியான தம் நூலில் இந்தியாவுக்குப் பயணம் செய்த பார்பியைத் தனி இயலாகவே ஆராய்ந்திருக்கிறார். பண்பாட்டு வேறுபாட்டை ஆடையில் மட்டும் அனுமதித்து, முகத்தைப் பொதுவானதாக வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஆடை நம்முடையது, அதற்குள் நிற்கும் உடல் எங்கும் ஒன்றே என்பதே குழந்தை அப்பொம்மையிலிருந்து கற்கக்கூடிய பாடம்.

முகத்தை உரிமையாளர் மாற்றத் தொடங்கிய கதையில் ஒரு தோல்வியுற்ற பொம்மைக்குப் பெரும் பங்குண்டு. 1972இல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் ‘பிளைத்’ என்னும் பொம்மையை வெளியிட்டது. உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை. தலையின் பின்புறமுள்ள கயிற்றை இழுத்தால் நான்கு நிறங்களுக்கு மாறும் பெரிய விழிகள். குழந்தைகளை அது கவரவில்லை. ஓராண்டிலேயே உற்பத்தி நின்றது. கால் நூற்றாண்டுக்குப் பின், 1997 முதல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜீனா காரன் இப்பொம்மையைத் தாம் செல்லுமிடமெல்லாம் கொண்டுசென்று படமெடுத்தார். அப்படங்கள் 2000இல் நூலாயின. அதே ஆண்டு ஜப்பானின் பார்கோ அங்காடி விளம்பரத்தில் பிளைத் தோன்ற, 2001இல் டகாரா நிறுவனம் அதனை மீண்டும் உற்பத்தி செய்தது. ஒரு தலைமுறைக்கு விகாரமாகத் தோன்றிய அதே விகிதங்கள் அடுத்த தலைமுறைக்கு அழகாயின. பொம்மை மாறவில்லை. பார்ப்பவர்களின் வயதும் காலமும் மாறியிருந்தன.

மீண்டுவந்த பிளைத்தின் உரிமையாளர்கள் அதனை வந்தபடியே வைத்திருக்கவில்லை. பளபளக்கும் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து மங்கச் செய்தனர். உதட்டைக் கத்தியால் செதுக்கி வடிவம் மாற்றினர். விழித்தகடுகளைக் கழற்றித் தாம் வரைந்தவற்றைப் பொருத்தினர். முடியைப் பிடுங்கிப் புதிதாக நட்டனர். பார்பி சேகரிப்பாளருக்குச் சேதமாகத் தோன்றும் இவ்வேலை இங்கு மதிப்பைக் கூட்டும் கைவினையாயிற்று.

இதே காலத்தில் ஜப்பானில் வேறொரு மரபும் உருவாகியிருந்தது. அதன் வேர் பெர்லினில் இருக்கிறது. 1933இல் ஹான்ஸ் பெல்மர் என்னும் கலைஞர் கை, கால், உடற்பகுதிகளைக் கழற்றி மாற்றிப் பூட்டக்கூடிய பொம்மையொன்றைச் செய்யத் தொடங்கினார். பெர்லின் அருங்காட்சியகமொன்றிலிருந்த பதினாறாம் நூற்றாண்டு மரப்பொம்மைகளின் பந்துமூட்டுகள் அவருக்கு வழிகாட்டின. நாஜி ஆட்சி ‘குறையற்ற’ உடலைப் போற்றிய அக்காலத்தில், சிதைந்தும் மீண்டும் கூடியும் நிற்கும் பெல்மரின் பொம்மை அக்கொள்கைக்கு எதிரான குரலாகப் பலராலும் வாசிக்கப்பட்டுள்ளது. பெண்ணுடலைச் சிதைக்கும் வன்மம் அதிலேயே உண்டு என்ற கண்டனமும் எழுந்துள்ளது. 1965இல் தத்ஸுஹிகோ ஷிபுசாவா எழுதிய கட்டுரை வழியாகப் பெல்மரின் படங்களைக் கண்ட யோத்ஸுயா சிமோன், ஜப்பானியப் பந்துமூட்டுப் பொம்மைக் கலையின் முன்னோடியானார்.

கலைக்கூடத்தில் இருந்த இவ்வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது கியோத்தோவின் வோல்க்ஸ் நிறுவனம். 1999இல் அது வெளியிட்ட ‘சூப்பர் டால்ஃபி’ ஏறத்தாழ 60 செ.மீ. உயரமுடையது, பாலியூரித்தேன் ரெசினில் வார்க்கப்பட்ட உறுப்புகள் உள்ளே செல்லும் மீள்கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டவை. தலையின் மூடியைத் திறந்து கண்களை மாற்றலாம், விக்கை மாற்றலாம், முகத்தின் வண்ணத்தை முற்றிலும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தீட்டலாம். தலை, கை, கண், தோல்நிறம் என ஒவ்வொன்றையும் வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும் முறையையும் வோல்க்ஸ் ஏற்படுத்தியது. 2000களின் தொடக்கத்தில் தென்கொரிய நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின.

இப்பொம்மையைப் பெறுவதற்கு ஜப்பானிய உரிமையாளர்கள் ‘வாங்குதல்’ என்னும் வினையைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை, ‘ஒமுகாயே’ என்கின்றனர். வருபவரை எதிர்சென்று வரவேற்றல் என்பது அதன் பொருள். ஆனால் வரவேற்கப்படும் அவ்விருந்தாளி எப்படியிருக்கவேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்திருப்பவர் வரவேற்பவரே. ஒரே அச்சில் வார்த்த இரு தலைகள் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒன்றையொன்று அடையாளம் காணமுடியாத முகங்களாகிவிடுகின்றன. ஒருவர் புருவத்தைத் தடித்து வரைகிறார். மற்றொருவர் கன்னத்தில் புள்ளிகளும் தழும்பும் இடுகிறார். விழி பொருத்தும்போது சற்றே திருப்பிவைத்தால் பொம்மை நோக்கும் திசையே வேறாகிறது. தயாரிப்புக்கூடம் பார்பிக்குத் தீர்மானித்த அந்தப் பார்வையை இங்கு உரிமையாளரின் விரல்நுனி தீர்மானிக்கிறது.

இவ்வளவு சுதந்திரமும் கிடைத்தபின் உருவாகும் முகம் அவரவர் சொந்த அழகுணர்வின் பிரதிபலிப்பு என்று முடித்துவிடலாமா? இவ்விடத்தில் பொம்மைகளைக் கொண்டு நடத்தப்பட்ட மிகப் புகழ்பெற்ற ஆய்வொன்றை நினைவுகூர்வது தகும். அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளின் முன் தோல்நிறமும் முடிநிறமும் தவிர வேறு வேறுபாடற்ற பொம்மைகளை வைத்து வினாக்கள் கேட்டனர். 1947இல் வெளியான முடிவுகளின்படி, 67 விழுக்காட்டினர் விளையாட வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். 59 விழுக்காட்டினர் பழுப்புப் பொம்மையே ‘மோசமாகத் தோன்றுவது’ என்றனர். பின்னர், ‘உன்னைப் போலிருக்கும் பொம்மையைக் கொடு’ என்ற வினாவுக்கு, பழுப்புப் பொம்மையையே பலர் எடுத்துத் தரவேண்டியிருந்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பில் கென்னத் கிளார்க்கின் பணி மேற்கோளாக இடம்பெற்றது. அக்குழந்தைகள் எவர் கட்டாயமுமின்றித் தேர்ந்தெடுத்தனர். ஆயினும், தேர்ந்த கண் அவர்களுக்கு வெளியே உருவாக்கப்பட்டிருந்தது.

சேகரிப்பாளரின் தேர்வுக்கும் இத்தகைய எல்லை உண்டு. அது பொம்மையின் முகத்தைவிடப் பொருட்பட்டியலின் சொற்களிலேயே தெளிவாகப் புலப்படுகிறது. பந்துமூட்டுப் பொம்மைகளை விற்கும் நிறுவனங்கள் பலவும் இளஞ்சிவப்பு சாயலுள்ள வெளிர் நிறத்தை ‘நார்மல் ஸ்கின்’, அதாவது ‘இயல்பான தோல்’ என்றே குறித்துவந்தன. வெண்மைக்கும் பழுப்புக்கும் தனித்தனி அடைமொழிகள் இருந்தன. மொழியியலில் ஓர் இணையின் ஒரு சொல் அடையாளமின்றியும் மற்றது அடையாளம் பெற்றும் வருமானால், அடையாளமற்றதே பொதுநிலையாகக் கொள்ளப்படுகிறது. ‘இயல்பு’ என்று பெயரிடப்பட்ட நிறத்தைத் தேர்பவருக்குத் தாம் ஒரு நிறத்தைத் தேர்ந்ததாகவே தோன்றுவதில்லை. பழுப்பைத் தேர்பவர் மட்டுமே ஒரு நிறத்தைத் தேர்ந்தவராகிறார். கிரேயோலா வண்ணக்குச்சிப் பெட்டியில் ‘தசை’ என்று வழங்கிய வெளிர் நிறம் 1962இல்தான் ‘பீச்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. பொம்மை உலகில் அதே சிக்கல் நாற்பதாண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்தது.

இந்திய வாசகர்களுக்கு இது புதிதன்று. மணமக்கள் விளம்பரங்களில் வழங்கும் ‘கோதுமை நிறம்’ என்னும் தொடர் கறுப்பு என்று சொல்ல நாணும் ஒரு மொழியின் ஏற்பாடு. 1975 முதல் இந்தியாவில் விற்கப்பட்ட முகப்பூச்சு ஒன்று தன் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்னும் சொல்லை 2020இல்தான் நீக்கியது. ஆனால் சங்கப் பாடல்களில் தலைவியின் அழகையே குறிக்க வழங்கிய சொற்களுள் ஒன்று ‘மாமை’. மாந்தளிரின் நிறமென உரையாசிரியர்கள் விளக்குவர். அவள் பிரிவால் இழப்பதும் அந்த மாமையையே. அதன்மேல் படர்வது வெளிறிய பசலை. வெளிறுதல் அழகின் கேடாகக் கருதப்பட்ட காலமும் இந்நிலத்தில் இருந்தது என்பதை அறியும்போது, ‘இயல்பு’ என்னும் பெயர்ச்சீட்டு எவ்வளவு அண்மைக்காலத்தது என்பது விளங்கும்.

ஆகவே, சேகரிப்புப் பொம்மை உரிமையாளரின் அழகுணர்வைக் காட்டுகிறது என்பது உண்மையே. அதனோடு, அந்த அழகுணர்வுக்கு எந்தெந்த உறுப்புகள் விலைக்குக் கிடைத்தன என்பதையும் அது காட்டுகிறது. இதை முதலில் உணர்ந்தவர்கள் ஆய்வாளர்களல்லர். தமக்கு வேண்டிய நிறம் பட்டியலில் இல்லாத உரிமையாளர்களே. வெளிர்நிற உறுப்புகளை வாங்கிப் பகுதி பகுதியாகக் கழற்றி, துணிச்சாயம் கரைத்த வெந்நீரில் அமிழ்த்தி, அவர்கள் தாமே பழுப்பு நிறத்தை ஏற்றிக்கொண்டனர். சாயம் சீராக ஏறாமல் கை ஒரு நிறமாகவும் முகம் ஒரு நிறமாகவும் அமைந்துவிடுவதும் உண்டு. பின்னர் அடர்பழுப்பு, கருமை ரெசின்களையும் நிறுவனங்கள் வார்க்கத் தொடங்கின.

‘இயல்பான’ தோலுக்கும் ஒரு முடிவு இருக்கிறது. ரெசின் ஒளியில் நிலைப்பதில்லை. சில ஆண்டுகளில் மெல்ல மஞ்சளாகிவிடும். பழைய உடலுக்குப் புதிய கையொன்றை வாங்கிப் பொருத்த முனையும் சேகரிப்பாளர், ஒரே நிறுவனம் ஒரே பெயரில் விற்ற இரு ‘இயல்பு’ நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதைத் தம் கையாலேயே கண்டறிகிறார்.