பஞ்சம் வந்தால் நினைவுக்கு வரும் வளவு

'தோட்டம்' என்ற சொல் இலங்கைத் தமிழரிடையே ஒரே பொருளில் வழங்குவதில்லை. யாழ்ப்பாணத்தவருக்குத் தோட்டம் என்றால் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளையும் செம்மண் நிலம். மலையகத்தவருக்கு அது தேயிலைத் தோட்டம். பிறந்து, உழைத்து, மடிந்த இடம். வீட்டைச் சுற்றி நின்ற முருங்கையையும் வாழையையும் தேசியையும் யாழ்ப்பாணத்து மூத்தவர்கள் தோட்டம் என்று சொன்னதில்லை. அது வளவு, வீட்டின் பின்புறமாயின் கோடி. 'வீட்டுத் தோட்டம்' என்பது அரச பிரசுரங்களிலும் வானொலி அறிவித்தல்களிலும் அடிக்கடி ஒலித்து எம்மிடையே நிலைத்த சொல்.

அச்சொல் உரத்து ஒலித்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1942, 1973, 2022. மூன்றும் இந்த நாட்டில் சோற்றுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட ஆண்டுகள். கப்பல் தவறாமல் வந்த காலங்களில் வளவைப் பற்றிய பேச்சு அவ்வளவு உரத்து ஒலித்ததில்லை.

அரசாங்கம் பேசினாலும் பேசாவிட்டாலும் வளவு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணக்கல்லைக் குடைந்து வெட்டிய கிணறே எல்லாவற்றுக்கும் ஆதாரம். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இறைத்த நீர் வீணாகாமல் வாய்க்கால் வழியே வாழைக்கும் அதன் அருகே நின்ற கத்தரிக்கும் ஓடியது. வேலிகூடக் கறி தந்தது. கிளுவையிலும் பூவரசிலும் முசுட்டையும் தூதுவளையும் படர்ந்தன. வேலியோரத்தில் முருங்கையும் அகத்தியும் நின்றன. குழையும் சாம்பலும் மாட்டெருவுமே உரம். இதனை நடத்தியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தோட்டத்தின் கணக்கு ஆண்களின் கொப்பியில் இருந்தது. வளவின் கணக்கு எந்தக் கொப்பியிலும் இல்லை. எங்கும் பதியப்படாத உழைப்பு என்பதாலேயே வரலாற்று நூல்களில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

மத்திய மலைநாட்டின் வீட்டுத் தோட்டங்களும் இவ்வாறே பழைமையானவை. மேலே பலாவும் கமுகும், அவற்றில் படரும் மிளகு, நடுவே வாழை, நிலத்தில் கிழங்கு என அடுக்கடுக்காக அமைந்தவை அவை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில், பலாக்காய் அந்நாட்டு மக்களின் உணவில் பெரும் பங்கு வகித்ததைக் குறிப்பிட்டுள்ளார். எமது பாரம்பரியம் என்று நாம் கருதும் பயிர்களுள் பல கடல் கடந்து வந்தவை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. மிளகாய், கொய்யா, பப்பாசி, தக்காளி, மரவள்ளி ஆகிய அனைத்தின் தாயகமும் அமெரிக்கக் கண்டமே. இவற்றுள் மரவள்ளி ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் இங்கு வந்து சேர்ந்தது.

வளவை அரசியல் கண்ணோடு முதலில் நோக்கியோருள் ஒருவர் பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ். மதுவொழிப்பு இயக்கத்தில் ஈடுபட்டிருந்த அவர் 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் சிறையிடப்பட்டார். வெளியே வந்த பின்னர், ஆட்சியாளர் நினைத்தால் இந்நாட்டு மக்களைப் பட்டினி போட்டுப் பணிய வைக்கலாம் என்ற அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை. அதற்கு மாற்றாக அவர் கண்டது பலா. பத்து இலட்சம் பலா மரங்களை நாட்டுவது என்ற இலக்கோடு இயக்கம் நடத்திய அவரைச் சிங்கள மக்கள் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா என்று அன்புடன் அழைத்தனர்.

அவர் அஞ்சிய நிலைமை வேறு வழியாக வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. ஆனால் குண்டைவிட நீண்ட காலம் மக்களை வாட்டியது பர்மா அரிசியின் இழப்பே. இலங்கையர் உண்ட அரிசியின் பெரும்பகுதி அன்று இறக்குமதியாகியது; அதன் முதன்மை ஊற்று பர்மா. அரிசிக்குப் பங்கீட்டு முறை வந்தது, கூட்டுறவுச் சங்கக்கடைகள் ஊருக்கு ஊர் தோன்றின. கோதுமை மாவும் பாணும் எமது உணவில் வேரூன்றியது இக்காலத்தில்தான். விவசாய, காணி அமைச்சராகவிருந்த டி.எஸ். சேனநாயக்கவின் பொறுப்பில் உணவு உற்பத்தி இயக்கம் முடுக்கிவிடப்பட்டது. வெறும் நிலம் எங்கிருந்தாலும் மரவள்ளியும் வற்றாளையும் நடுமாறு மக்கள் தூண்டப்பட்டனர்.

போர் முடிந்தது, வளவு மறக்கப்பட்டது. மலிவு விலை அரிசியே அரசின் கடமை என்றாகிவிட்டது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபரில் பதவி துறந்தார். அரிசியில் கைவைத்தால் ஆட்சி ஆட்டம் காணும் என்ற பாடத்தைப் பின்னர் வந்த அரசாங்கங்கள் எவையும் மறக்கவில்லை.

அடுத்த நெருக்கடி 1973 இல் வந்தது. எண்ணெய், கோதுமை, அரிசி, சீனி யாவும் உலகச் சந்தையில் ஒருசேர விலையேறின; இந்நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லை. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் உணவு உற்பத்தியை ஒரு போராகவே பிரகடனம் செய்தது. பாணுக்கு வரிசை, சீனிக்குப் பங்கீடு, அரிசி கொண்டு செல்வோரை மறிக்கச் சோதனைச் சாவடிகள். மரவள்ளி மீண்டும் அரியணை ஏறியது. அவித்த நீரை வடித்து ஊற்ற வேண்டும், அன்றைக்கு இஞ்சி சேர்க்கக் கூடாது என்ற எச்சரிக்கைகள் வீட்டுக்கு வீடு கேட்டன. இஞ்சி பற்றிய அச்சம் எவ்வாறாயினும் கிழங்கில் நச்சுத்தன்மை உண்டு என்பது மெய். மூடாமல் அவித்து நீரை வடிப்பது நல்ல வழக்கமே.

அந்த ஆண்டுகள் எல்லோருக்கும் ஒரே முகத்தைக் காட்டவில்லை. வெங்காயம், மிளகாய் இறக்குமதி தடைப்பட்டதால் குடாநாட்டுத் தோட்டக்காரர் செழித்தனர். அக்காலத்தில் கல்வீடு எழுப்பியோர் பலர். அதே ஆண்டுகளில் மலையகத்தில் மக்கள் பட்டினியால் இறந்தனர். 1974 இல் பெருந்தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்ததைப் பின்னர் வந்த ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வளவைப் பயிரிடுங்கள் என்ற அறைகூவல் லயன் அறையிலும் கேட்டிருக்கும். ஆனால் அங்கே வளவு ஏது? லயத்தின் ஓரத்தில் போஞ்சியும் கோவாவும் நட்ட ஒரு துண்டு நிலம் சிலருக்கு இருந்தது. அதுவும் தோட்ட நிர்வாகத்தின் நிலமே. பச்சை மலைகளின் நடுவே மனிதர் பசியால் மடிந்தமைக்கு மண்ணின் வறட்சி காரணமன்று. உணவு விளைவிக்க அவர்களுக்கென ஒரு முழ நிலமும் இருக்கவில்லை என்பதே காரணம்.

1977 இல் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. வடபகுதித் தோட்டக்காரர் சந்தையை இழந்தனர். எனினும் வளவு அழியவில்லை. அதன் தேவை 1990 இல் மீண்டும் உணரப்பட்டது. அவ்வாண்டில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. யூரியா தடை, எரிபொருள் தடை. நீரிறைக்கும் இயந்திரங்கள் பல மௌனமாயின. உரமும் எண்ணெயும் நம்பிய தோட்டம் தளர்ந்தது. இரண்டையும் நம்பாத வளவு தாக்குப்பிடித்தது. முருங்கையிலையும் மரவள்ளியும் வாழைக்காயும் ஒடியற் கூழும் பல குடும்பங்களைக் காத்தன. இம்முறை அரசாங்கம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஆனால் வளவு மனிதரோடு நடந்து வராது. 1995 அக்டோபர் 30 இல் வலிகாமம் மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது கையில் கிடைத்ததை எடுத்தனர். காய்த்து நின்ற மாவும் பலாவும் நின்ற இடத்திலேயே நின்றன. வலிகாமம் வடக்கில் 1990 முதல் இடம்பெயர்ந்திருந்தோருட் சிலர், போர் முடிந்த பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியபோது வேலியும் இல்லை, மரமும் இல்லை. கிணற்றை அடையாளம் வைத்தே தமது எல்லையைத் தேட வேண்டியிருந்தது. ஒரு பலா பயன்தர ஆண்டுகள் பல செல்லும். நட்டவரின் வயதோ திரும்பி வராது. இழப்பீட்டுப் பட்டியல்களில் வீட்டுக்கு ஒரு விலை போடலாம். மூன்று தலைமுறை உண்ட மரத்துக்கு என்ன விலை போடுவது?

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகப் பயிருக்குக் காலம் கடந்துவிட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை. வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மாடிக் குடியிருப்பில் வாழ்பவருக்கும் லயன் அறையில் வாழ்பவருக்கும் அந்த வெள்ளிக்கிழமையால் என்ன பயன் என்று கேட்டவர்கள் குறைவு. நெருக்கடி தணிந்தபின் அறைகூவலும் ஓய்ந்தது. இன்று பல ஊர்களில் வளவின் எதிரி குரங்கும் மர அணிலும் மயிலும். அவற்றை எண்ணுவதற்கென 2025 மார்ச் 15 இல் நாடளாவிய கணக்கெடுப்பே நடத்த வேண்டியதாயிற்று.

இவற்றைத் தொகுத்து நோக்கின், வளவு சோற்றுப்பானையை நிரப்பியதில்லை என்பது தெளிவு, கறிச்சட்டியை நிரப்பியது. குழந்தைக்குக் கீரையும் நோயாளிக்குப் பழமும் தந்தது. அரிசிக்கு மாற்றாக அதை முன்வைத்த ஒவ்வொரு முறையும் ஆட்சியாளர் தமது தவறின் பாரத்தை வீட்டுப் பெண்களின் தோளில் இறக்கிவைத்தனர். ஒரு வளவுக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: பறிக்கப்படாத காணி, வற்றாத கிணறு, மரம் காய்க்கும்வரை இடம்பெயராமல் வாழும் உறுதி. விதைப் பொட்டலம் வழங்குவது எளிது. இம்மூன்றையும் எல்லா மக்களுக்கும் வழங்கிய அரசாங்கம் ஒன்றை இந்நாடு இன்னும் கண்டதில்லை.