புரட்டாசி விரதமும் கொங்கு நாட்டு நாவும்

புரட்டாசி பிறந்ததும், காரமடை அரங்கநாதரை மனத்தில் நிறுத்தி, சனிக்கிழமைகளில் மட்டுமன்றி மாதம் முழுவதுமே புலால் விலக்கும் நியமம் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் பரம்பரையாக நிலவி வருகிறது. சின்ன வெங்காயமும் வரமிளகாயும் நல்லெண்ணெயில் வதங்க, நாட்டுக்கோழி வேகும் மணத்திலேயே வளர்ந்த நாவுக்கு இஃது எளிய சோதனையன்று. அந்த ஏக்கத்தைக் கண்டிக்காமல் ஆற்றியதே நம் பாட்டிமாரின் விவேகம். ஆவி பறக்கும் அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை உருக விட்டும், பிழிந்த சந்தகையில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்தும், ஒப்பிட்டைக் கல்லில் பொன்னிறமாகச் சுட்டும் அவர்கள் விரதத்தையே விருந்தாக்கினார்கள். 1990களில் பல்லடம் வட்டாரமெங்கும் ஒப்பந்தக் கறிக்கோழிப் பண்ணைகள் பெருகிய பின்னர், அடுக்களையின் இந்நியமம் சந்தையையும் ஆளத் தொடங்கியது: புரட்டாசியில் கறிக்கோழிக்கும் நாமக்கல் முட்டைக்கும் கிராக்கி குறைந்து விலை இறங்குவதும், ஐப்பசி பிறந்ததும் மீண்டும் ஏறுவதும் இன்று வியாபாரிகள் முன்கூட்டியே கணக்கில் வைக்கும் வழக்கமாகிவிட்டன.