ஒருநாள் தொலைவில் வரலாறு: கொங்கு நாட்டுத் தொன்மையூர்ப் பயணங்களும் அவை விடுத்த ஊர்களும்

ஆய்வுச்சுருக்கம்

கோயம்புத்தூரிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய தொலைவில் கொங்கு நாட்டின் தொன்மையான ஊர்கள் பல உள்ளன. இவ்வூர்களுக்கு மேற்கொள்ளப்படும் குறும்பயணங்கள் அண்மைக்கால வழக்கம் போலத் தோன்றினும், அவற்றின் வழித்தடம் தேவாரக் காலத்திலேயே உருப்பெற்றுவிட்டது. அத்தடத்தில் இடம்பெறாத சமண ஊர்களும் வணிக ஊர்களும் தொழிற்களங்களும் இன்றைய பயணியின் கண்ணிலும் படுவதில்லை. எந்த ஊரைக் காணச் செல்வது என்னும் தேர்வு, எந்த வரலாறு எஞ்சும் என்பதையும் ஓரளவு முடிவு செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, குறும்பயணம், கொங்கேழ் தலங்கள், பெருவழி, விசயமங்கலம், கொடுமணல்.

முன்னுரை

களப்பணிக்காகக் கோவையிலிருந்து ஈரோடு செல்லும் பேருந்தில் ஏறி விசயமங்கலத்துக்குச் சீட்டுக் கேட்டேன். “டோல்கேட்டுங்களா, ஊருக்குள்ளயுங்களா?” என்று நடத்துநர் கேட்டார். பெருங்கதை தந்த கொங்குவேளிரோடு மரபு இணைத்துப் பேசும் ஊர் அது. சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இன்றும் அங்கு நிற்கிறது. ஆயினும் சேலம் நெடுஞ்சாலையில் செல்லும் பெரும்பாலோருக்கு அவ்வூர்ப் பெயர் ஒரு சுங்கச்சாவடியின் பெயர் மட்டுமே. அதே பேருந்தில் அவிநாசிக்குச் சீட்டு வாங்கியவரிடம் இத்தகைய கேள்வி எழவில்லை. அவிநாசி என்றால் கோயில் என்று எல்லோருக்கும் தெரியும்.

இரண்டும் ஒரே நெடுஞ்சாலையை ஒட்டியவை, இரண்டும் தொன்மையானவை. ஒன்று பயண ஊராக நிலைத்திருக்க, மற்றொன்று கடந்து செல்லும் ஊரானது ஏன் என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

ஏழு தலங்கள் என்னும் வழித்தடம்

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாக்கூடல் ஆகிய இவற்றைக் ‘கொங்கேழ் தலங்கள்’ எனத் தொகுத்து வழங்குவது சைவ மரபு. தனித்தனித் தலங்களுக்கு எண்ணிட்டுத் தொகுத்த அந்த நிலையிலேயே அவை ஒரு பயண நிரலாகிவிட்டன. இன்று கோவையின் பயண முகவர்கள் ஒருநாளில் ஏழையும் காட்டுவதாக வாகனம் ஏற்பாடு செய்கின்றனர். அவர்கள் புதிதாக எதையும் வகுக்கவில்லை. தேவாரம் பாடிய மூவர் வகுத்ததை டீசல் வேகத்தில் நடத்துகின்றனர், அவ்வளவே.

இந்நிரலில் திருமுருகன்பூண்டி தனிக் கவனத்துக்குரியது. சேரமான் பெருமாளிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய சுந்தரரை வேடர் வடிவில் வந்த சிவகணங்கள் இவ்விடத்தில் வழிமறித்துப் பொருளைக் கவர்ந்தன என்பது பெரியபுராணச் செய்தி. சுந்தரரின் பூண்டிப் பதிகமும் வழிப்பறி செய்யும் வடுகரையும் வேடுவரையும் கண்முன் நிறுத்தி, இத்தகைய இடத்தில் நீர் ஏன் இருக்கிறீர் என்று இறைவனையே வினவுகிறது. அடியார் கதையாக மட்டும் படித்து நகர்ந்துவிடுகிறோம். வரலாற்று நோக்கில் இது சேர நாட்டிலிருந்து கொங்கின் வழியே கிழக்கே செல்லும் பாதையின் நிலை பற்றிய சான்று. பொருளோடு செல்வோருக்குப் பாதுகாப்பில்லாத, வேட்டுவக் குடிகளின் ஆளுகையிலிருந்த ஒரு பாதை பதிகத்தில் பதிவாகியுள்ளது. தலம் பயணியை ஈர்த்தது என்பது ஒரு பக்கம். பயணத்தின் இடரே தலத்துக்குக் கதையைத் தந்தது என்பது மற்றொரு பக்கம்.

பேரூர் இந்த ஏழில் இல்லை. அது வைப்புத்தலம். எனினும் ‘மேலைச் சிதம்பரம்’ என்னும் பெயரும், 17ஆம் நூற்றாண்டில் அளகாத்ரி நாயக்கர் எழுப்பிய கனகசபையின் சிற்பத் தூண்களும், கோவைக்கு மிக அண்மையில் இருப்பதும் அதனைத் தவிர்க்கவியலாத பயண ஊராக்கிவிட்டன. நிரலில் இடமில்லாத ஊரும் உள்ளே வரலாம் என்பதற்குப் பேரூர் சான்று. ஆனால் உள்ளே வந்ததும் கோயில்தான்.

நிரலின் வலிமையைக் காணக் கரூர் மாவட்டத்துப் புகழூருக்குச் செல்லவேண்டும். ஆறுநாட்டான் மலையின் உச்சியில் முருகன் கோயில். படியேறும் வழியில் சமணத் துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துத் தந்ததைக் கூறும் தமிழிக் கல்வெட்டுகள். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் பெயர்களை அவை தருகின்றன. பதிற்றுப்பத்தின் சேரர் வரிசையைக் கல்லோடு ஒப்பிட வாய்ப்பளிக்கும் அரிய இடம் இது. நான் அங்கிருந்த இரண்டு மணி நேரத்தில் படியேறியவர்கள் பலர். கற்படுக்கைப் பக்கம் திரும்பியவர் எவருமில்லை. அவர்களைக் குறைசொல்ல இயலாது. அவர்கள் கையிலிருந்த நிரலில் அது இல்லை.

பெருவழி

கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில், பாலக்காட்டுக் கணவாயை நோக்கிய மலைச்சரிவில், ‘இராசகேசரிப் பெருவழி’ என்னும் பெயரைத் தாங்கிய கல்வெட்டு ஒன்றுள்ளது. தமிழிலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்ட இது சோழன் ஆதித்தன் காலத்ததாகக் கருதப்படுகிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் காதக்கற்களோ தூரத்தை எழுத்தால் குறித்ததோடு நில்லாமல், எழுத்தறியாதாரும் எண்ணி அறியக் குழிகளாலும் காட்டுகின்றன. வழிச்செல்வோர் அனைவரும் படித்தவரல்லர் என்பதைக் கல்நட்டவர் அறிந்திருந்தார். நம் தொல்லியல் அறிவிப்புப் பலகைகளை எழுதுவோருக்கு அந்த நினைவு குறைவு என்றே சொல்லவேண்டும்.

இப்பெருவழிகள் அடியாருக்காக மட்டும் அமைந்தவையல்ல. வணிகச் சாத்துகளும் படைகளும் இவற்றில் சென்றன. ஆயினும் இன்றைய பயண நிரலில் பெருவழி இல்லை. ஊர்கள் மட்டும் உள்ளன.

அலுவலர் கண்ட கொங்கு

1799இல் திப்பு வீழ்ந்தபின் கொங்கு நாடு ஆங்கிலேயக் கும்பினியின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பிரான்சிசு புக்கானன், தலைமை ஆளுநர் வெல்லெசுலியின் ஆணைப்படி மைசூர், கொங்கு, மலபார் நாடுகளைக் கண்டுவரப் புறப்பட்டார். அவரது பயணக் குறிப்பு 1807இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அவர் ஊர்தோறும் தேடியவை மண்ணின் வகை, பாசன வசதி, தறிகள், இரும்பு உருக்கும் முறை, வரி. கோயில்களையும் கண்டார், ஆனால் அவரது நிரல் வருவாயின் நிரல். இதன் விளைவாக, அடியார் மரபு விட்டுவிட்ட நெசவாளரும் உழவரும் இரும்பு உருக்குவோரும் அவர் ஏட்டில் இடம்பெற்றனர். ஆட்சியின் நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்பதால் அதனைத் தள்ளிவிடும் போக்கு நம் துறைகளில் உண்டு. கொங்கின் தொழில் வரலாற்றை எழுதுவோருக்கு அது கட்டுப்படியாகாது.

பவானியில் அலுவலர் நிரலும் அடியார் நிரலும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மாவட்ட ஆட்சியராக இருந்த வில்லியம் கேரோ, தம்மைச் சுவர் இடிந்து விழும் ஆபத்திலிருந்து அம்மன் காத்ததாக நம்பி, 1804இல் சங்கமேசுவரர் கோயிலுக்குத் தந்தக் கட்டில் ஒன்றை அளித்தார் என்பது மரபு. கட்டில் கோயிலில் உள்ளது. கோவையைத் தலைநகராகக் கொண்டு மாவட்டம் ஒன்றிணைக்கப்பட்டதும் அதே 1804இல்தான். இன்று ‘கோவை நாள்’ கொண்டாடப்படுவது அந்த நவம்பர் 24ஐ முன்னிட்டு. எல்லா ஊர்களையும் கோவையிலிருந்து அளக்கும் நம் பழக்கத்தின் தொடக்கமும் அதுவே. அதற்குமுன் கரூரும் தாராபுரமும் பவானியும் தத்தம் வட்டாரத்துக்கு நடுவாக விளங்கியவை.

இருப்புப்பாதை வந்தபின் ஓய்வுப் பயணம் சமவெளியை விட்டு மலையேறியது. மலை இரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. தொன்மையூர்கள் மீண்டும் அடியாருக்கே விடப்பட்டன.

விடுமுறை நாள் ஆய்வாளர்

கொங்கு வரலாற்றுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதன் முதன்மைச் சான்றுகளில் கணிசமானவை பல்கலைக்கழகத் திட்டங்களால் கிடைத்தவையல்ல. வேறு பணியில் இருந்தோர் விடுமுறை நாள்களில் ஊர்சுற்றித் தேடியவை. ‘கோவைகிழார்’ என அறியப்பட்ட சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் வழக்கறிஞர். கொங்கு நாட்டு வரலாற்றைத் தனிநூலாக எழுதியவர் அவர். புலவர் செ. இராசு பள்ளித் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்திலேயே அரச்சலூர் இசைக்கல்வெட்டை வெளிக்கொணர்ந்தார்.

அரச்சலூர்க் கல்வெட்டைச் சற்று நின்று காணவேண்டும். நாகமலைக் குகைப் பாறையில், தமிழியிலிருந்து வட்டெழுத்துக்கு மாறும் நிலையிலுள்ள வடிவில், ஆடலுக்குரிய சொற்கட்டுகள் கட்டம் கட்டமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றே வரும். அவ்வெழுத்துகளைச் சேர்த்தமைத்தவன் மணிவண்ணக்கன் ஒருவன் எனக் கல்வெட்டே சொல்கிறது. வண்ணக்கன் என்போன் நாணயத்தையும் மணியையும் சோதிப்பவன். மணி வணிகத்தில் இருந்த ஒருவன் தாளக்கட்டைக் கல்லில் வடித்தான் என்னும் செய்தி, கொங்கின் வணிகத்தையும் கலையையும் ஒருசேர நோக்கக் கோருகிறது. ஈரோட்டிலிருந்து ஒரு பிற்பகலில் போய்வரக்கூடிய தொலைவில் இது இருந்தது. ஓர் ஆசிரியர் போய்ப் பார்க்கும்வரை தமிழிசை வரலாற்றில் இதற்கு இடமில்லை.

இத்தகைய குறும்பயணங்களைத் தரமான ஆய்வுமுறையாக நம் முனைவர்பட்ட நெறிமுறைகள் ஏற்பதில்லை. களப்பணி என்றால் நீண்ட தங்கல், வினாநிரல், மாதிரி எண்ணிக்கை என்ற எதிர்பார்ப்பே உள்ளது. ஒரே இடத்துக்கு ஐந்தாறு முறை, வெவ்வேறு பருவங்களில், ஒருநாளாகச் சென்றுவருவதால் கிடைக்கும் அறிவைப் பதிவுசெய்ய அங்கு கட்டமே இல்லை.

நிரலில் இல்லாத ஊர்கள்

விசயமங்கலத்துக்குத் திரும்புவோம். கொங்கு மண்டல சதகத்தைப் பாடிய கார்மேகக் கவிஞர் இவ்வூரைச் சார்ந்த சமணர் என்பர். சதகமும் ஒருவகைப் பயண நிரல்தான். சைவத் தலங்களையும் வள்ளல்களையும் பாடும் அது, கொங்குவேளையும் நன்னூல் தந்த பவணந்தியையும் கொங்கின் பெருமையாக எண்ணுகிறது. ஏழு தலம் என்னும் நிரலைவிடச் சதகத்தின் நிரல் அகலமானது. அகலமான நிரல் ஏட்டில் நின்றது, குறுகிய நிரல் சாலையில் நிலைத்தது. சமணக் கோயிலில் அன்று நான் மட்டுமே இருந்தேன். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை புல்லப்பை வடக்கிருந்து உயிர்நீத்ததற்கான நினைவுத்தூண் எனக் கருதப்படும் நிசிதிகை அங்குள்ளது. அதன்முன் எழுதப்பட்ட விளக்கம் எதையும் நான் காணவில்லை.

வெள்ளலூரின் நிலை இன்னும் கடுமையானது. நொய்யல் கரையிலுள்ள இவ்வூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே உரோமானிய வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. மேற்கடலோடும் உரோமோடும் கொங்கு கொண்ட வணிகத்துக்கு அது தலையாய சான்று. இன்று வெள்ளலூர் என்றதும் கோவை மக்களுக்கு நினைவுக்கு வருவது மாநகராட்சியின் குப்பைக்கிடங்கு.

நொய்யலின் போக்கிலேயே கிழக்கே சென்றால் கொடுமணல். பதிற்றுப்பத்து அணிகலனோடு சேர்த்துப் பேசும் கொடுமணம் இதுவே என்பர். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வும் பின்னர் நடந்தவையும் மணி செய்யும் பட்டறைகளையும், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளையும், தமிழி பொறித்த பானையோடுகளையும், கல்லறைகளையும் வெளிப்படுத்தின. பச்சைக்கல் சிறந்தது இந்தியாவிலேயே விளைகிறது என்று பிளினி எழுதினார். அக்கல் வெட்டப்பட்ட படியூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. நொய்யலிலோ திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்தது. 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவைத் தேக்கும் இடமாகிப் போனது.

இவ்வூர்களைப் பயண நிரலில் சேர்க்கவேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. கொடுமணலில் காணத்தக்க கட்டடம் எதுவுமில்லை. அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுப் பயிர் நிற்கிறது. மழைக்குப் பின் மேற்பரப்பில் தெரியும் மணியையும் ஓட்டையும் நினைவுப்பொருளாக எடுத்துச் செல்வோர் பெருகினால், அடுத்த அகழாய்வுக்குச் சான்று குறையும். கோயில், மக்கள் வருவதால் வாழ்கிறது. வாழிடமேடு, மக்கள் மிதிப்பதால் தேய்கிறது. எனவே இரண்டுக்கும் ஒரே வகைச் சுற்றுலா பொருந்தாது. என் பரிந்துரை குறுகியது. தமிழ், வரலாற்றுத் துறைகள் ஆண்டுதோறும் நடத்தும் ஒருநாள் கல்விச் சுற்றுலாவை உதகையிலிருந்து நொய்யலுக்குத் திருப்பலாம். வெள்ளலூர், அவிநாசி, திருமுருகன்பூண்டி, விசயமங்கலம், கொடுமணல் என ஒரு பேருந்து ஒரு பகலில் சென்றுவர முடியும். அரச்சலூரை அன்று விட்டுவிட நேரும். மாணவர்கள் எதையும் எடுத்துவரக் கூடாது, கேட்டறிந்ததை எழுதிவர வேண்டும்.

கேட்டறிய அங்கு ஆட்கள் இருக்கின்றனர். கடைசியாகக் கொடுமணல் சென்றபோது, வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், “குழி பாக்க வந்தீங்களா கண்ணு? அதையெல்லாம் மூடிப்போட்டாங்களே” என்றார். அவர் அகழாய்வில் கூலி வேலை செய்தவர். எந்தக் குழியில் எத்தனை அடியில் மணி வந்தது, எதில் முதுமக்கள் எலும்பு வந்தது, அன்று வந்திருந்த அலுவலர்கள் அவற்றை எப்படிப் பொதிந்தார்கள் என்பதை வயலைச் சுட்டிக்காட்டியே சொன்னார். அவர் சொன்னவற்றை வெளியான அகழாய்வு அறிக்கையின் குழி எண்களோடு ஒப்பிட்டு வருகிறேன். மூன்று குழிகள் பொருந்துகின்றன. நான்காவதாக அவர் காட்டிய இடம் எந்த வரைபடத்திலும் இல்லை. அதற்காகவே ஐப்பசி மழை முடிந்ததும் மீண்டும் செல்லவேண்டியுள்ளது.