ஹிரோஹாட்டாவின் மெர்க்குரி

1951 மாடல் மெர்க்குரி கூப்பே ஒன்றும் அபூர்வமான வண்டி இல்லை. ஃபோர்டு கம்பெனி ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய கார். பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞர் அதில் ஒன்றை 1952ல் கலிபோர்னியாவில் சாம், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். வெளியே வந்தது வேறு கார்.

சாம் பாரிஸ் கூரையை அறுத்து, முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 7 அங்குலமும் இறக்கினார். ஒரே அளவில் வெட்டியிருந்தால் தொப்பியை நசுக்கின மாதிரி இருந்திருக்கும். இந்த 3 அங்குல வித்தியாசத்தில்தான் கூரை அப்படியே வழிந்து பின்புறத்தோடு சேர்கிறது. கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் தூணையும் எடுத்துவிட்டார்கள். 1952 பியூக்கின் குரோம் பட்டை பக்கவாட்டில் ஏறியது. ஒட்டுப்போட்ட இடமெல்லாம் காரீயத்தை உருக்கிப் பூசி அரத்தால் ராவினார்கள். மேலே வெளிர்பச்சை, கீழே அடர்பச்சை. ஓடுகிற நிரலில் கைவைக்காதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இவர்கள் ஓடுகிற வண்டியின் எலும்பையே மாற்றியிருக்கிறார்கள்!

காட்சிக்கு வைக்கிற கார்தானே என்று பொத்திவைக்கவும் இல்லை. 1953ல் காடிலாக் எஞ்சினை மாட்டி, இண்டியானபோலிஸ் கண்காட்சிக்கு ஹிரோஹாட்டா அதை ஓட்டிக்கொண்டே போனார். ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்தப் பெயர். 1942ல் அமெரிக்க அரசு மேற்குக் கடற்கரையிலிருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. பெரும்பாலானவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். கடை, கார், பண்டபாத்திரம் எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கடைசி முகாமை மூடியது 1946ல். ஆறே வருடம் கழித்து, அதே லாஸ் ஏஞ்சலஸின் மோட்டராமா கண்காட்சியில் கூட்டம் சூழ்ந்து நின்ற காருக்குச் சொந்தக்காரர் ஒரு ஜப்பானிய அமெரிக்கர். கஸ்டம் கார் உலகத்தில் உடைமையாளர் பெயரே வண்டிக்கு நிலைப்பது வழக்கம். அப்படி அது 'ஹிரோஹாட்டா மெர்க்' ஆயிற்று.

பிறகு கார் கைமாறியது. 1959ல் ஜிம் மெக்நீல் என்ற பையன் 500 டாலருக்கு வாங்கி, பல பத்தாண்டுகள் விற்காமல் வைத்திருந்து, பழைய பச்சைக்கே மீட்டெடுத்தார். ஹிரோஹாட்டாவைவிடப் பல மடங்கு காலம் அவரிடம்தான் இருந்தது. தன் பெயரை அவர் அதற்குச் சூட்டிக்கொள்ளவில்லை. 2017ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியபோதும், 2022ல் சுமார் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனபோதும், அது ஹிரோஹாட்டா மெர்க்தான்.