ஸ்பிரிட் ஒஃப் ஈடன்: வழக்கு மன்றம் ஏறிய மௌனம்

1988 செப்டெம்பரில் பிரித்தானியாவில் வெளியான 'ஸ்பிரிட் ஒஃப் ஈடன்' என்ற இசைத்தட்டை வாங்கியவர்கள் எதிர்பார்த்தது வேறொன்றை. அதை வெளியிட்ட டோக் டோக் குழு, 1984 இன் 'இற்ஸ் மை லைஃப்' பாடலால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அறியப்பட்டிருந்தது. 1986 இல் வந்த 'த கலர் ஒஃப் ஸ்பிரிங்' பிரித்தானியத் தரவரிசையில் 8 ஆம் இடத்தை எட்டியது. அடுத்ததும் அவ்வாறே விற்கும் என நம்பிய ஈ.எம்.ஐ. கம்பனி தாராளமாகச் செலவுசெய்தது. கிடைத்ததோ ஆறே பாடல்கள். அவற்றில் முதல் மூன்றும் இடைவெளியின்றி இருபது நிமிடங்களைத் தாண்டி ஓடின. ஆடுவதற்கும் இல்லை, முணுமுணுப்பதற்கும் இல்லை.

பிரதியெடுக்கப்பட்ட ஒலிநாடா வழியாகவே நான் அதை முதலில் கேட்டேன். தொடக்க நிமிடங்களில் நாடாவின் இரைச்சலுக்குள் இசை மூழ்கிக் கிடந்தது. ஒலியைக் கூட்டி வைத்தால், பின்னால் மின்கிற்றார் வெடிக்கும்போது வீடே அதிர்ந்தது. அன்றைய ஏமாற்றத்தை இன்றும் நான் மீளப்பெறத் தயாரில்லை. மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே இவ்வளவு தூரம் வைத்த இசையை, மலிவான நாடாவால் தாங்க முடியவில்லை. பின்னாளில் குறுந்தட்டில் கேட்டபோது, காலியிடம் என்று தோன்றியவை காலியாக இருக்கவில்லை. ஓர் ஓர்கனின் மூச்சு, தூரத்து எக்காளம், மேளக்காரர் லீ ஹரிஸின் பதற்றமில்லாத தாளம் யாவும் அங்கே இருந்தன.

இந்த இசை உருவான விதம் விசித்திரமானது. வட லண்டனில், முன்னொரு காலத்தில் தேவாலய மண்டபமாக இருந்த வெசெக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில், 1987 இலும் 1988 இலுமாகப் பல மாதங்கள் பதிவு நடந்தது. பாடகர் மார்க் ஹொலிஸும் தயாரிப்பாளர் ரிம் ஃபிறீஸ்-கிறீனும் விளக்குகளை அணைத்து, நிறங்கள் அசையும் மங்கலான ஒளியில் கலைஞர்களை வாசிக்கவைத்தார்கள். வயலின் மேதை நைஜல் கெனடியும் இரட்டை பாஸ் கலைஞர் டனி தொம்சனும் வந்து வாசித்தனர். செம்ஸ்ஃபோட் பேராலயப் பாடகர் குழுவும் பங்கேற்றது. மனம்போல் வாசித்தவற்றில் பெரும்பகுதி நீக்கப்பட்டு, சில கணங்கள் மட்டும் எஞ்சின. அவற்றை அடுக்கிக் கோர்த்ததே இந்த இசைத்தட்டு. ஒரு பத்திரிகையாளனுக்கு இம்முறை அந்நியமானதல்ல. பக்கம் பக்கமாக எழுதி, நாலு வரியை மிச்சம் வைக்கும் ஆசிரியர்களை நாம் கண்டிருக்கிறோம்.

தரவரிசையில் அது 19 ஆம் இடத்தோடு நின்றது. மேடையில் இதை மீண்டும் நிகழ்த்த முடியாது என்பது ஹொலிஸின் நிலைப்பாடு. ஆகவே இசைப்பயணமும் இல்லை. இதற்கிடையே பிணக்கு நீதிமன்றம் சென்றது. குழுவைத் தொடர்ந்து தன்னிடம் வைத்திருக்கும் உரிமையைக் கம்பனி, பதிவு நிறைவடைந்து குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பதிவு எப்போது நிறைவடைகிறது? தான் திருப்தியுற்ற பின்னரே என்பது கம்பனியின் வாதம். முதல் நீதிமன்றம் அதை ஏற்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் குழுவை விடுவித்தது. ஒரு படைப்பு முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியை, இத்தனை நேரடியாக எழுப்பிய வழக்குகள் இசையுலகில் அதிகமில்லை.

பகை அத்தோடு தீரவில்லை. 1990 இல் கம்பனி வெளியிட்ட பழைய பாடல்களின் தொகுப்பு நன்றாக விற்றது. அந்த உற்சாகத்தில் 1991 இல், குழுவின் சம்மதமின்றி, அப்பாடல்களை நடன இசையாக மாற்றி இன்னொரு தொகுப்பை இறக்கினார்கள். குழு வழக்குத் தொடுத்து வென்றது. எஞ்சிய பிரதிகள் மீளப்பெறப்பட்டு அழிக்கப்பட்டன. அதே ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் ஊடாக 'லாஃபிங் ஸ்டொக்' வெளிவந்தது. அதன்பின் குழு கலைந்தது. ஹொலிஸ் 1998 இல் தன் பெயரில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்; பின்னர் ஏறத்தாழ முற்றாக ஒதுங்கி வாழ்ந்து, 2019 பெப்ரவரியில் தமது 64 ஆவது வயதில் காலமானார். 1990களில் 'போஸ்ற் ரொக்' என்று விமர்சகர்கள் பெயரிட்ட இசைவகையின் மூலங்களில் ஒன்றாக, விற்காத அந்த இசைத்தட்டே சுட்டப்படுகிறது.

புதிதாகக் கேட்க விரும்பும் நண்பர்களுக்கு ஒன்று. இணைய இசைச் சேவைகளில் முதல் மூன்று பாடல்களும் தனித்தனியே பிரித்துத் தரப்பட்டிருக்கலாம். அவற்றை வரிசை குலைக்காமல், ஒலியைச் சற்றுக் குறைத்தே வைத்து, ஒரே மூச்சில் கேளுங்கள்.