கத்திக்கு முன்னே மருந்து

"மார்புல கட்டீன்னா அறுத்து எடுக்க வேண்டியதுதானே? எதுக்கு மாசக்கணக்கா ஊசி போட்டுக் காலங் கடத்தறாங்க?"

கொமரலிங்கத்தில் என் அத்தை கேட்ட கேள்வி இது. காலேஜில் சயன்ஸ் படித்தவன் என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அந்தப் பதிலையே எழுதத் தோன்றியது.

அத்தை நினைத்ததில் தவறில்லை. 1880களில் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்பையும் அதன் அடித்தசையையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் ஒருசேர அகற்றினார். வெகுகாலம் உலகமே அவர் வழியில் போயிற்று. ஆனால் கட்டி முற்றித் தோலைப் பற்றியபின் கத்தி மட்டும் போதாது.

நம் பக்கம் அப்படி முற்றிய நிலையில் வந்தவர்களே அதிகம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கிற்று. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1955ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். முற்றிய மார்பகப் புற்றுக்கு முதலில் மருந்தும் கதிர்வீச்சும், பிறகே அறுவை என்ற வரிசை அங்கே கடைப்பிடிக்கப்பட்டது. 1990 முதல் 1999 வரை சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரத்தை டாக்டர் சாந்தா குழுவினர் 2008ல் வெளியிட்டார்கள்.

பிறகு வந்தது குறிபார்த்துத் தாக்கும் மருந்து. ஏறத்தாழ ஐந்தில் ஒரு மார்பகப் புற்றில், செல்லின் மேல் 'ஹெர்-2' என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். நம்மூர் ராஜவாய்க்காலில் மதகெல்லாம் ஒரேயடியாகத் திறந்துவிட்ட கதைதான். செல் கட்டுக்கடங்காமல் பெருகும். அந்த மதகை அடைக்கும் டிரஸ்டுசுமாப் 1998ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதோடு பெர்டுசுமாப் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்து, 417 பெண்களிடம் அறுவைக்கு முன்பே சோதித்த முடிவு 2012ல் வெளியாயிற்று. கீமோவுடன் டிரஸ்டுசுமாப் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கும், இரண்டும் பெற்றவர்களில் 46 பேருக்கும், அறுத்துப் பார்த்தபோது மார்பில் புற்றே இல்லை! 2013ல் அமெரிக்கா அம்மருந்தை அறுவைக்கு முன் கொடுக்க அனுமதித்தது. அதே ஆண்டு, பெங்களூரு நிறுவனம் தயாரித்த டிரஸ்டுசுமாப் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது.

கட்டியை எடுத்துவிட்டு மருந்து கொடுத்தால், அது பலித்ததா என்றறிய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டி இருக்கும்போதே கொடுத்தால் சில மாதங்களில் தெரிந்துவிடும். கட்டி சுருங்கினால் அறுவையும் சிறிதாகும். புற்று மிச்சமிருந்தால் அடுத்து மருந்தை மாற்றவும் வழியுண்டு. எல்லோருக்கும் இந்த வரிசை தேவையில்லை. சிறு கட்டியை முதலிலேயே எடுத்துவிடுவதும் உண்டு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அத்தை அன்று கேட்டது தனக்காகத்தான். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வருஷம் அந்தக் கட்டியை யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறார். காலம் கடந்தது ஊசியால் அல்ல, அந்த ஒரு வருஷத்தால். அவர் இன்று இல்லை.

நண்பர்களே, சந்திப்பு முடிந்து ஊர் திரும்பியதும் உங்கள் வீட்டுப் பெண்களிடம் இதைப் பேசுங்கள். கூச்சம் வேண்டாம்.