பரோலில் போதைப்பொருள் சோதனை (நியூ சவுத் வேல்ஸ்)

தமிழ்நாட்டில் பரோல் என்றால் கைதி சில நாள் வீட்டுக்கு வந்து திரும்பும் விடுப்பு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அது வேறு: தண்டனையின் கடைசிப் பகுதியை வெளியே, நிபந்தனைகளோடு கழிப்பது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு அடிப்படை. மூன்றாண்டு வரையான தண்டனைக்குப் பரோல் பொதுவாகத் தானாகவே வரும். அதற்கு மேல் என்றால் மாநிலப் பரோல் ஆணையம் முடிவெடுக்கும்.

கண்காணிப்பு அதிகாரி சொன்னால் போதையை நிறுத்த வேண்டும், சோதனைக்கும் வர வேண்டும். வழக்கமானது சிறுநீர்ச் சோதனை. கிண்ணத்தை வாங்கியதும் முதலில் சூடு பார்ப்பார்கள், ஆறியிருந்தால் சந்தேகம். தண்ணீர் கலந்ததா என்று சிறுநீரிலுள்ள கிரியேட்டினின் என்ற பொருளின் அளவு காட்டிக்கொடுக்கும். முதற்சோதனையில் சிக்குவதை ஆய்வகம் நிறைநிறமாலைக் கருவியால் உறுதிசெய்யும். மெத்தாம்ஃபெட்டமின் சில நாளில் மறையும். நாள்தோறும் கஞ்சா புகைத்தவருக்கு வாரக்கணக்கில் தங்கும். இந்த ஏற்றத்தாழ்வு சோதனையின் பெரிய குறை.

ஒருமுறை தவறினால் உடனே சிறை என்பதில்லை. சிறு மீறலுக்கு அதிகாரியே எச்சரிக்கலாம். பெரிதானால் ஆணையத்துக்கு அறிக்கை போகும், பரோல் ரத்தாகலாம்.

நம் அடுக்களைக்கும் இதில் பங்குண்டு. குருமாவில் அரைத்துவிடும் கசகசாவில் மார்ஃபினும் கோடீனும் சிறிதளவு இருக்கும். அவை சிறுநீரிலும் தெரியலாம்; கோடீன் மாத்திரையும் அப்படியே. 2018 பிப்ரவரி முதல் கோடீன் மாத்திரைக்கு ஆஸ்திரேலியாவில் மருத்துவர் சீட்டு கட்டாயம். பரோலில் இருப்பவர் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, சோதனைக்கு முன்பே அதிகாரியிடம் காட்டிவிடுவது நல்லது.